ருமைஸாவின் பதினாறு படங்கள்

மஹீராவின் பீரோவில், கல்யாணப் புடவையின் மடிப்புக்குள், பழைய தொழுகைத் துப்பட்டா ஒன்றில் சுற்றி ஒரு பொருள் இருந்தது. உள்ளங்கை அளவுக் கறுப்புப் பெட்டி, அதோடு ஒரு முழம் ஒயர். ஹார்ட் டிஸ்க் என்கிறார்களே, அதுதான்.

அதன் அருமை தெரிய வேண்டுமென்றால் அந்த வீட்டு வழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முல்லா வீதியைச் சுற்றி இருக்கிற அவர்களின் சொந்தக்கார வீடுகளில் மருதாணி விசேஷம், பிள்ளைக்குப் பேர் வைக்கிற விசேஷம் என்று பெண்கள் மட்டும் கூடினால், வாசலிலேயே ஒரு துணிப்பை தொங்கும். வருகிறவர்கள் எல்லாரும் தங்கள் போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே தலைத் துணியை எடுத்துவிட்டு, பூ வைத்து, பாடி, ஒருத்தியை ஒருத்தி கிண்டல் செய்து ஒரே கும்மாளம். அத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு போன்தான் படம் எடுக்கும். அது மஹீராவின் போன். எடுத்த படம் வாட்ஸப்பில் போகாது, நெட்டில் ஏறாது. அன்றைக்கே ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிட்டு, போனிலிருந்து அழித்துவிடுவாள். பார்க்க ஆசைப்பட்டவர்கள் சாயங்கால அஸர் தொழுகை முடிந்து அவள் வீட்டுக்கு வந்து, கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து, டீயைக் குடித்துக்கொண்டே கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள். “பாத்தியா என் இடுப்ப!” என்று கத்துவார்கள். பார்த்துவிட்டுப் போவார்கள்.

பன்னிரண்டு வருஷமாக இப்படி. அந்நிய ஆணின் கண் படாது என்று அத்தனை பெண்களும் அவளிடம் ஒப்படைத்த அமானிதம் அது. ஒருவர் நம்பிக் கொடுத்ததை அப்படியே திருப்பித் தர வேண்டும் என்கிற பொருளைத்தான் அப்படிச் சொல்வார்கள். மஹீராவுக்கு உள்ளுக்குள் அதில் ஒரு பெருமையும் இருந்தது. யாருக்குத்தான் இருக்காது?

அவள் புருஷன் ஷஃபீக் வேறு ரகம். அவன் எடுக்கிற படமெல்லாம் தானாகவே நெட்டில் ஏறிக்கொள்ளும். “என் போன் கடல்ல விழுந்தாலும் என் புள்ள படம் பத்திரமா மேல இருக்கும்” என்பான். ஹார்ட் டிஸ்கைப் பற்றி அவனும் சொல்லாமல் இல்லை. “நெட்டுல போடாத, சரி. இதே மாதிரி இன்னொண்ணு வாங்கி, ஒரு காப்பி போட்டு, உங்கம்மா வீட்டுல வெச்சுடு. எல்லாத்தையும் ஒரே எடத்துல வெக்கக் கூடாது மஹீரா.” அவள் சரி என்றாள். நோன்பு வந்தது, நோன்பு முடியட்டும் என்றிருந்தாள். பெருநாள் வந்தது. பையனுக்குப் பரீட்சை வந்தது. ஒரு நாள் வேலைதான். அந்த ஒரு நாள் மட்டும் வரவேயில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், படம் பார்க்க ஆட்கள் கூடியிருந்தபோது அது முதல்முறையாகச் சத்தம் போட்டது. டிக்... டிக்... நகத்தால் மேஜையைத் தட்டுவது போல. திரை ஒரு நிமிஷம் நின்று, பிறகு படம் வந்தது. “என்னாடி அது, உள்ள பல்லி பூந்துடுச்சா?” என்று யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவர்கள் போன பிறகு சுற்றி உள்ளே வைத்துவிட்டாள்.

உடம்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் டாக்டரிடம் காட்டாமல் கையை எடுத்துக்கொள்கிறோமே, அந்தப் புத்திதான். அதற்குப் பிறகும் படம் பார்க்க வந்தவர்களுக்குப் போட்டுக் காட்டினாள். ஒவ்வொரு தடவையும் சத்தம் கூடிக்கொண்டே போனது. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் சத்தம் மட்டும் வந்தது, படம் வரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் “கம்ப்யூட்டர் ரிப்பேர்” என்றாள்.

மற்றதெல்லாம் போனதைக்கூட அவள் எப்படியோ தாங்கிக்கொண்டிருப்பாள். ஆனால் அதற்குள் ருமைஸா இருந்தாள்.

*

ருமைஸா, ஷஃபீக்கின் தங்கை ஹனீனின் மூத்த பெண். எட்டு வருஷத்துக்கு முன்னால், எட்டாம் மாதத்திலேயே பிறந்து, பதினோரு நாள் இருந்தாள். ஹனீனுக்கு ஆபரேஷன் புண்ணில் சீழ் பிடித்துக் காய்ச்சல் அனலாக அடித்தது. தாய் ஒரு மாடியில், பிள்ளை ஒரு மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள். மஹீரா அப்போது ஆறு மாதம். அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடிக்கும் நடந்து, பிள்ளையைப் படம் எடுத்து வந்து ஹனீனுக்குக் காட்டியவள் அவள்தான். ஒன்பதாம் நாள் குழந்தை கொஞ்சம் தேறியதென்று அரை மணி நேரம் தாயிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். காய்ச்சலில் ஹனீனுக்குப் பாதி நினைவுகூட இல்லை. தலைமுடி விரிந்து கிடக்க, மார்மேல் பிள்ளை. அதையும் எடுத்தாள்.

பதினோராம் நாள் ஆண்கள் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு போய் அடக்கினார்கள். அவர்கள் குடும்பத்தில் பெண்கள் அடக்கஸ்தலத்துக்குப் போவதில்லை. எந்த மரத்தடி, எந்த மூலை என்று ஹனீனுக்குத் தெரியாது.

“அண்ணி, அந்தப் படத்தையெல்லாம் உங்ககிட்டயே வெச்சுக்குங்க. என்னால பாக்க முடியாது. யாருக்கும் அனுப்பாதீங்க. என்னிக்காவது நானே கேப்பேன், அப்ப குடுங்க” என்றாள். மஹீரா அவள் கையைப் பிடித்துச் சத்தியம் மாதிரித் தலையாட்டினாள். மொத்தம் பதினாறு படம். தனியாகப் போட்டு, பேர் எழுதி வைத்தாள். மரியாதை கருதி ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

இரண்டு மாதத்தில் ஹனீன் புருஷனோடு பிரான்ஸ் போய்விட்டாள். அவன் பாட்டனார் காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். அவள் போன பிறகுதான் மஹீராவுக்கு அய்மான் பிறந்தான். அவன் கைக்குழந்தைப் படங்களை ஹனீனுக்கு அனுப்ப மஹீராவுக்கு மனசு வரவில்லை. பால்குடிப் பிள்ளை முகத்தைப் பார்த்து அவள் அழக் கூடாதே என்று, நடக்க ஆரம்பித்த பிறகுதான் முதல் படம் அனுப்பினாள்.

அந்த ஹனீன்தான் இப்போது வந்திருந்தாள். மூன்று வாரம் லீவு. கூட யாரையும் கூட்டி வரவில்லை. ஆறு வயது மகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது.

வந்த மறுநாள் காலை, அடுப்படியில் மஹீரா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஹனீன் எதிரில் வந்து உட்கார்ந்து, தானும் ஒன்றை எடுத்து உரித்தாள்.

“அண்ணி, அது வேணும்.”

எது என்று மஹீரா கேட்கவில்லை.

“எம்பொண்ணு பள்ளிக்கூடத்துல குடும்பத்த வரையச் சொன்னாங்களாம். நாலு பேர வரைஞ்சு எடுத்துட்டு வந்தா. யாருடி இதுன்னேன். அக்கான்னா. கையி, காலு, கவுனு எல்லாம் போட்டிருக்கா. மூஞ்சி மட்டும் போடல. எனக்குத் தெரியாதே மமோ, எப்படிப் போடறதுன்னு கேக்கறா. அம்மாவ அங்க அப்படித்தான் கூப்புடுவாங்க.” ஹனீன் சிரிக்கப் பார்த்தாள். வெங்காயம் நல்ல சாக்காக இருந்தது. “எனக்கே தெரியாதுண்ணி. காய்ச்சல்ல என்னா பாத்தேன்? கண்ண மூடினா ஏதோ ஒரு புள்ள மூஞ்சி வருது. அது அவளா, ஆஸ்பத்திரி செவுத்துல ஒட்டியிருந்த புள்ளயான்னு தெரியல. ஊருக்குப் போய் எடுத்துட்டு வரேன்னு பொண்ணுகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்.”

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது.

“இருக்கும்மா. எடுத்துத் தரேன்” என்றாள் மஹீரா.

*

அன்றைக்கு மத்தியானமே, மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று சொல்லி, ஹார்ட் டிஸ்கைக் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். காமராஜ் சாலையில் ஒரு மாடிக் கடை. நாகராஜ் என்று ஒருவர் ரிப்பேர் பார்க்கிறார், அவர் மனைவி சத்யப்பிரியா கல்லாவைப் பார்க்கிறாள். ஏறி வந்த மூச்சு அடங்குமுன் நாகராஜ் டிஸ்கை வாங்கிக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார்.

“உள்ள என்னக்கா இருக்குது?”

“படம்.”

“கல்யாணப் படமா?”

மஹீராவுக்கு அப்போதுதான் உறைத்தது. எந்த அந்நியக் கண்ணும் படக் கூடாதென்று பன்னிரண்டு வருஷம் காத்ததை, தானே கொண்டுவந்து ஒரு ஆண்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நிற்கிறாள். கையை நீட்டித் திருப்பி வாங்கப் போனாள்.

“இல்ல... எங்க வீட்டுப் பொம்பளைங்க படம். தலையில துணியில்லாம இருப்பாங்க. வெளி ஆம்பளைங்க பாக்கக் கூடாது.”

“நான் பாக்க மாட்டேன்க்கா. டேட்டாவ மட்டும்தான் எடுப்பேன்.”

“பாக்காம எப்படித் தெரியும், படம் வந்துச்சா இல்லையான்னு?” கல்லாவிலிருந்து கேட்டாள் சத்யப்பிரியா.

“ஒண்ணு ரெண்டு தெறந்து பாக்கணும்தான்.”

“அப்ப பாப்பேன்னு சொல்லுங்க.” அவள் எழுந்து வந்து டிஸ்கை வாங்கிக்கொண்டாள். “அக்கா, நீங்க கவலப்படாதீங்க. மெஷின்ல மாட்டறது, ஓட்டறது இவர் செய்யட்டும். தெறந்து பாக்கற அன்னிக்கி நீங்க வாங்க. இவர செவுத்தப் பாத்து உக்கார வெக்கறேன். வாயால சொல்லட்டும், நான் தட்டறேன்.”

“கடை என்னுதுடி.”

“கட உங்களுது. கண்ணு எங்களுது.”

நாகராஜ் மஹீராவைப் பார்த்து, “வைத்திக்குப்பத்துல பொண்ணு எடுத்தா இப்படித்தான்க்கா. இவங்க அப்பா பஞ்சநாதனோட மீன் பிடிக்கற போட்டே இவ சொன்னாத்தான் கடல்ல எறங்கும்” என்றார். மஹீராவுக்கு அத்தனை பயத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

டிஸ்கை மாட்டிச் சத்தத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் விளையாட்டு போய்விட்டது.

“இந்தச் சத்தம் எப்பலருந்து?”

“இப்பத்தான்...” என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். “ரெண்டு வருஷமா.”

“ஐயோ. சத்தம் வந்த அன்னிக்கே நிறுத்தியிருந்தா மொத்தமும் வழிச்சு எடுத்துருக்கலாமேக்கா. உள்ள ஒரு முள்ளு மாதிரி இருக்குது, அதான் தட்டைத் தடவிப் படிக்கும். அது தளர்ந்துபோச்சு. நீங்க போடப் போட அது கீறிக்கிட்டே வந்திருக்கும். எங்க கீறிச்சோ அங்க இருந்தது போச்சு. அதுக்கப்புறம் எத்தன தடவ போட்டிருப்பீங்க?”

அவள் எண்ணிப் பார்த்தாள். ஒரு கல்யாணம், இரண்டு மருதாணி, ஒரு பேர் வைப்பு. பார்க்க வந்தவர்கள், மறுபடி பார்க்க வந்தவர்கள். குறைந்தது இருபது தடவை. ஒவ்வொரு தடவையும் டீ போட்டுக் கொடுத்து, ஒவ்வொரு தடவையும் சிரித்து.

நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். சொன்ன சொல் தவறாமல் நாகராஜ் சுவரைப் பார்த்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். “இடது பக்கம் மேல ஒரு ஃபோல்டர் இருக்குதா, அத ரெண்டு தட்டு” என்று சுவரிடம் சொன்னார்.

“தெரியும், சும்மா இருங்க.”

வந்தன. ஒவ்வொன்றாக வந்தன. மருதாணிக் கைகள் வந்தன. பெரியம்மா மகள் பிரியாணித் தேக்சாவுக்குப் பக்கத்தில் கரண்டியைத் துப்பாக்கி மாதிரிப் பிடித்து நின்ற படம் ஒரு கீறலில்லாமல் வந்தது. “அழகாயிருக்காங்கக்கா எல்லாரும்” என்றாள் சத்யப்பிரியா. “நான் என்ன சொல்றது, எனக்குச் செவுருதான் அழகாயிருக்குது” என்றார் நாகராஜ்.

ருமைஸா என்று எழுதிய ஃபோல்டர் வந்தது. உள்ளே பதினாறு படத்தின் பேரும் வரிசையாக இருந்தன. தேதி இருந்தது, எடுத்த மணிகூட இருந்தது. சத்யப்பிரியா முதலாவதைத் தட்டினாள். சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம். இரண்டாவது, அதே. பதினாறையும் தட்டினாள். பிறகு மஹீராவின் முகத்தைப் பார்த்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி தட்டினாள்.

“ஏங்க, இது தெறக்கல.”

“எத்தன?”

“எல்லாம்.”

சுவரைப் பார்த்தபடியே அவர் சொன்னார்: “பேர் ஒரு எடத்துல இருக்கும், படம் ஒரு எடத்துல இருக்கும். படம் இருந்த எடம் போயிருக்கும். பெரிய லேபுக்கு அனுப்பினாலும் இது வராதுன்னுதான் நெனைக்கறேன்க்கா. பொய் சொல்லி உங்கள அலைய விட மாட்டேன்.”

சத்யப்பிரியா தண்ணீர் கொடுத்தாள். “முக்கியமான படமாக்கா?” என்று மெதுவாகக் கேட்டாள். மஹீரா தலையை மட்டும் ஆட்டினாள்.

*

இதற்குப் பிறகு அவள் செய்ததைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் அவளைக் கெட்டவள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், கண்ணுகளா. பயந்தவள் என்று நினையுங்கள்.

இரண்டு நாள் ஹனீன் கேட்கவில்லை, அண்ணியின் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் கேட்டாள்: “அண்ணி, கெடைக்கலயா?” அந்தக் கேள்வியில் இருந்த பயத்தை மஹீராவால் தாங்க முடியவில்லை. “தேடிட்டிருக்கேம்மா, சாயங்காலம் தரேன்” என்றாள்.

ஷஃபீக் கடைக்குப் போயிருந்தான். அவன் படங்களெல்லாம் அவளுடைய போனிலும் தெரியும். விரலால் தள்ளித் தள்ளி எட்டு வருஷம் பின்னால் போனாள். அய்மான் பிறந்த வாரம். நானூறு படம், ஒன்றுகூடக் குறையாமல் பளிச்சென்று இருந்தது. பிறந்த நாலாம் நாள், மஞ்சள் டவலில் சுற்றி, கண்ணை மூடி, முகம் மட்டும் தெரிகிற ஒரு படம். பச்சைப் பிள்ளை முகத்தில் ஆணேது, பெண்ணேது? இரண்டும் ஒரே ரத்தம். அவளுக்கு ஒரு முகம் வேண்டும், அவ்வளவுதானே. இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாயங்காலம் அந்தப் படத்தை ஹனீனின் போனுக்கு அனுப்பிவிட்டாள். “இது ஒண்ணுதான் தெளிவா இருக்குது” என்று வாயாலும் சொன்னாள்.

ஹனீன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு திரையைத் தொட்டுத் தொட்டு முகத்தைப் பெரிதாக்கினாள்.

“மூக்கப் பாருங்கண்ணி. நம்ம ஷஃபீக் அண்ணன் மூக்கு அப்படியே. அவ அப்பா வழின்னு நெனச்சிட்டிருந்தேன், மாமன உரிச்சு வெச்சிருக்கா.”

மஹீரா கட்டில் ஓரத்து விரிப்பை நீவிவிட்டாள்.

“உங்க கடன எப்படித் தீப்பேன் நான்? எட்டு வருஷம் வெச்சிருந்து குடுத்திருக்கீங்களே.” ஹனீன் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அண்ணியின் கை தன் முதுகில் படாமல் காற்றில் நிற்பது அவளுக்குத் தெரியவில்லை.

ஷஃபீக்கின் அம்மா, மாமி கனீஸ் பாத்திமா, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து படத்தை வாங்கினாள். அய்மானை நாற்பது நாளும் காலில் போட்டுக் குளிப்பாட்டியவள் அவள். படத்தைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். “இந்த வெளிச்சத்துல ஒண்ணும் தெரியல” என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தொழப் போய்விட்டாள். அன்றிரவு முழுக்க மஹீராவிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

மூன்றாவது நாள் பிற்பகல், மொட்டை மாடியில் இருவரும் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது ஹனீனின் போன் அடித்தது. வீடியோவில் அவள் மகள். தமிழும் பிரெஞ்சுமாகக் கலந்து கடகடவென்று பேசினாள். கையில் ஒரு பெரிய காகிதத்தைத் தூக்கிக் காட்டினாள். நாலு பேர். நாலாவது ஆளுக்கு மூடிய கண், மூக்கு, சின்ன வாய், தலையைச் சுற்றி மஞ்சள் டவல்.

“மமோ! அக்கா வந்துட்டா!”

“வந்துட்டாளா? எங்க, கிட்ட காட்டு” என்று ஹனீன் போனை அண்ணி பக்கம் திருப்பினாள். “பாருங்கண்ணி! மஞ்சக் கலர்கூட விடல.”

மஹீரா பார்த்தாள். கையிலிருந்த துணி தரையில் விழுந்தது.

பேசி முடித்து ஹனீன் போனை வைத்த பிறகு, “ஹனீன்” என்றாள். “அது ருமைஸா இல்ல.”

“எது?”

“நான் குடுத்தது. அது அய்மான். ருமைஸா படம் எதுவும் இல்ல. டிஸ்க் கெட்டுப்போச்சு. ரெண்டு வருஷம் முன்னாடியே சத்தம் வந்துச்சு. தெரிஞ்சே விட்டுட்டேன். உங்கண்ணன் காப்பி போடச் சொன்னாரு, அதையும் போடல. கடையில குடுத்துப் பாத்தேன். மத்ததெல்லாம் வந்துச்சு, அவளோடது மட்டும் வரல. உங்கிட்ட இல்லன்னு சொல்ல வாய் வரல.”

ஹனீன் கொடியில் மிச்சமிருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள். எல்லாவற்றையும் போட்டு முடித்தாள்.

“தொலஞ்சுடுச்சுன்னு சொல்லியிருந்தா அழுதிருப்பேன், அண்ணி. உங்க மடியிலயே படுத்து அழுதிருப்பேன். கெட்டுப்போற சாமான் கெட்டுப்போச்சு, நீங்க என்ன செய்வீங்கன்னு நானே சமாதானம் சொல்லியிருப்பேன்.” அவள் குரல் உயரவேயில்லை. “ஏன் குடுத்தீங்க?”

மஹீரா குனிந்து, விழுந்த துணியை எடுத்தாள்.

“அவ மூஞ்சி போட்டுட்டாளே. இப்ப அத எப்படி அழிக்கச் சொல்லுவேன்? அக்கா இல்லடி, அது உன் மச்சான்னு சொல்லவா?”

டப்பாவைத் தரையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். அன்றிரவு ஷஃபீக்குக்கும் எல்லாம் தெரிந்தது. அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் மஹீராவுக்குத் தேவலை என்றிருக்கும். மாமிதான் கடைசியில் பேசினாள்: “நீயே சொல்லிட்டல்ல. அதுக்குத்தான் காத்திருந்தேன். சாப்புடு.” அவளால் சாப்பிட முடியவில்லை.

*

மிச்சமிருந்த நாட்களில் ஹனீன் அவளிடம் சண்டை போடவுமில்லை, பேசவுமில்லை. “உப்பு எங்க இருக்குது” என்ற அளவில் வைத்துக்கொண்டாள். புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது வந்து வாசற்படியில் நின்றாள்.

“அந்தப் பதினாறு ஃபைல் இருக்குதா?”

“தெறக்காதும்மா அது.”

“தெறக்காட்டி என்ன? அவ பேர்ல இருக்குதுல்ல. குடுங்க.”

மஹீரா நாகராஜ் கடையில் போட்டு வாங்கிய புது டிஸ்கைக் கொடுத்தாள். ஹனீன் மூன்று பென் டிரைவ் வாங்கி வந்திருந்தாள். ருமைஸாவின் ஃபோல்டரை மட்டும் தானே திறந்து வைத்து, ஷஃபீக்கை உட்கார வைத்து மூன்றிலும் அந்தப் பதினாறை ஏற்றச் சொன்னாள். ஒன்றைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ஒன்றை அண்ணனிடம் கொடுத்தாள். மூன்றாவதை விரலில் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். மஹீரா அறியாமலே அவள் கை பாதி நீண்டது. ஹனீன் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கொண்டுபோய் அம்மாவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். நீண்ட கையை மஹீரா என்ன செய்வாள்? முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

விமானத்துக்குக் கார் வந்தபோது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டவள், அவளிடமும் “வரேண்ணி” என்றாள். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

மற்ற பெண்களிடமும் மஹீரா வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். டிஸ்க் கெட்டது, கடைக்குக் கொண்டுபோனது, திரையைப் பார்த்தது ஒரு பெண்தான் என்பது, எல்லாவற்றையும். சிலர் போகட்டும் என்றார்கள். இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அடுத்த மருதாணிக்கு வேறு ஒருத்தியின் போன் உள்ளே போனது. மஹீரா தன் போனை எல்லாரையும் போலப் பையில் போட்டாள்.

ஹனீன் போய் ஒரு மாதம் கழித்து, ஒரு மத்தியான வேளையில் வாட்ஸப்பில் அவள் குரல் வந்தது. சலாம் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள். “அண்ணி, அவ தலையில முடி இருந்துச்சா?”

மஹீரா சமையலை அப்படியே நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள். கண்ணாடிப் பெட்டியை நினைத்தாள். இது அவளுக்குத் தெரியும், திட்டமாகத் தெரியும். “இருந்துச்சும்மா. நெத்தி வரைக்கும் கருகருன்னு. நர்ஸம்மா அதப் பாத்துத்தான் சடை பின்னலாம்னாங்க” என்று பேசி அனுப்பினாள். கேட்டதற்கு அடையாளமாக நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

மறுநாள்: “துணி என்ன கலரு?” வெள்ளை. ஆஸ்பத்திரித் துணி, ஓரத்தில் பச்சைக் கோடு. அதற்கடுத்த நாள்: “கண்ணு தெறந்து பாத்திருக்கீங்களா?” ஒரே ஒரு தடவை, ஐந்தாம் நாள், இடது கண் மட்டும். இப்படி நாளுக்கு ஒன்று வந்தது. பிரான்ஸில் அவள் மகள் காகிதத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாளா, இல்லை தாயே தனக்காகக் கேட்கிறாளா என்று மஹீரா கேட்கவில்லை. கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தாள்.

எட்டாவது நாள் ஹனீன் கேட்டாள்.

“அண்ணி, என் மேல போட்டப்ப... அந்த அரை மணி நேரம்... அவ என்னைப் பாத்துச் சிரிச்சாளா?”

மஹீரா போனைக் காதோடு வைத்து மூன்று தடவை கேட்டாள். அவள் கண்ணை மூடி அந்த அறையை முழுதாகக் கொண்டுவந்தாள். கட்டில் இருந்தது, குளுக்கோஸ் பாட்டில் இருந்தது, விரிந்த கூந்தல் இருந்தது. பிள்ளையின் முகம் தாயின் கழுத்துப் பக்கம் திரும்பியிருந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து பின்மண்டைதான் தெரிந்தது.

ஆமாம் என்று ஒரு சொல். அதைச் சொன்னால் அங்கே ஒருத்தி இன்று நிம்மதியாகத் தூங்குவாள். சொன்னது பொய் என்று இந்த உலகத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவள் கட்டைவிரல் மைக்கின் மேல் நின்றது. உதடுகூடப் பிரிந்தது.

“தெரியலம்மா” என்றாள். “நான் நின்ன எடத்துலருந்து அவ மூஞ்சி தெரியல. உன் பக்கம்தான் திரும்பியிருந்தா. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.”

அனுப்பிவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். நீலக் கோடு விழுந்திருந்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு வந்தது.

“சரிண்ணி. நாளைக்கி வேற ஒண்ணு கேக்கறேன்.”